உளுந்து மஞ்சளடித்தால் ஆன்டிபயாட்டிக் அடிக்கலாமா? வேரில் இருக்கும் பாக்டீரியாவுக்கும் இலையில் இருக்கும் வைரஸுக்கும் என்ன வித்தியாசம்?

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு பக்கம் புரட்டாசிப் பட்டத்தில் உளுந்தும் பாசியும் விதைத்தவர்களுக்கு மூன்றாவது, நான்காவது வாரம் வந்தால் ஒரு பயம் வந்துவிடும். காலையில் வயலுக்குப் போனால் பச்சைக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள் மஞ்சளாக நிற்கும். முதலில் துளிர் இலையில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி. அப்புறம் பச்சையும் மஞ்சளும் கலந்த தேமல். கொஞ்ச நாளில் முழு இலையும் பளிச்சென்று மஞ்சள். தூரத்தில் இருந்து பார்த்தால் பூப்பூத்த மாதிரிகூட இருக்கும்.

அடுத்து நடப்பது தெரிந்த கதைதான். நேராக மருந்துக்கடை. "அண்ணாச்சி, உளுந்து மஞ்சளடிச்சிருச்சு, என்ன அடிக்கலாம்?" பூச்சிமருந்து ஒன்று, பூஞ்சைமருந்து ஒன்று, கூடவே சின்ன பாக்கெட்டில் வெள்ளைப் பொடி ஒன்று. மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிப்பார்கள். அந்த வெள்ளைப் பொடி பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசைக்ளின். ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளின் கலவை.

அடித்து ஒரு வாரம் கழித்தும் மஞ்சள் குறையாது, கூடத்தான் செய்யும். கடைக்காரர் ஏமாற்றினாரா, மருந்து போலியா என்ற சந்தேகம் வரும். மருந்து அசலாகவே இருந்தாலும் முடிவு இதேதான். ஏனென்றால் ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவுக்கான மருந்து. உளுந்தின் மஞ்சள் தேமல் வைரஸால் வருவது. இரண்டும் கண்ணுக்குத் தெரியாது என்பதைத் தவிர, இரண்டுக்கும் பொதுவானது ரொம்பக் குறைவு.

அந்த வித்தியாசத்தைப் பார்க்க லேபுக்குப் போக வேண்டாம். ஒரு உளுந்துச் செடியைப் பிடுங்கினால் போதும். வேரில் பாக்டீரியா இருக்கும். மஞ்சளடித்த செடியாக இருந்தால், இலையில் வைரஸ் இருக்கும்.

வேரில் இருப்பது யார்?

செடியை மண்ணோடு மெதுவாகத் தோண்டி எடுத்து வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு அளவில் உருண்டை உருண்டையாக முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே ரோஜா நிறம். அந்த நிறத்துக்குக் காரணம் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்குச் சொந்தக்காரப் புரதம். உள்ளே ரோஜா நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது என்று அர்த்தம். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அது ஓய்ந்துபோன முடிச்சு.

முடிச்சுக்குள் குடியிருப்பவை ரைசோபியம் வகை பாக்டீரியாக்கள். காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்து, செடி எடுத்துக்கொள்ளும் தழைச்சத்தாக மாற்றித் தருகின்றன. கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. மானாவாரிக் கரிசலில் யூரியா அதிகம் போடாமலே உளுந்து வருகிறதே, அதற்கு இந்த உடன்படிக்கைதான் காரணம்.

பாக்டீரியா ஒரு முழு உயிர். ஒரே ஒரு செல்தான், ஆனால் குடித்தனத்துக்கு வேண்டிய எல்லாச் சாமானும் அதற்குள் இருக்கிறது. வெளியே கெட்டியான செல் சுவர், அதற்குள் மெல்லிய சவ்வு. உள்ளே மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ., புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள், உணவை எரித்துச் சக்தி எடுக்கும் நொதிகள். சாப்பிடும், கழிவை வெளியேற்றும், வளரும். உளுந்து வேரில் இருக்கும் வகைக்கு நெருங்கிய சொந்தமான, சோயா வேரில் வாழும் பாக்டீரியா ஒன்றின் மரபுச் செய்தியை முழுதாகப் படித்திருக்கிறார்கள். அதில் சுமார் 90 லட்சம் எழுத்துகள்.

இலையில் இருப்பது யார்?

மஞ்சளடித்த இலைக்குள் இருப்பதற்கு மஞ்சள் தேமல் வைரஸ் என்று பெயர். ஜெமினி வைரஸ் என்ற குடும்பத்தைச் சேர்ந்தது. ஜெமினி என்றால் இரட்டையர். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் இரண்டு உருண்டைகளை ஒட்டவைத்த மாதிரி தெரியும், அதனால் இந்தப் பெயர். இந்தியாவில் பாசிப்பயறில் இந்த நோய் முதலில் பதிவானது 1950களில், டெல்லியில்.

இதற்குச் செல் சுவர் கிடையாது. சவ்வு, ரைபோசோம், சக்தி எடுக்கும் ஏற்பாடு எதுவும் கிடையாது. புரதத்தால் ஆன ஒரு கூடு, உள்ளே கொஞ்சம் டி.என்.ஏ., அவ்வளவுதான். டி.என்.ஏ. இரண்டு துண்டாக, இரண்டு தனித்தனிக் கூட்டில் வரும். இரண்டையும் கூட்டினால் சுமார் 5,400 எழுத்துகள். நீங்கள் படித்துக்கொண்டிருக்கும் இந்தக் கட்டுரையின் எழுத்துகளை எண்ணினால் அதைவிடக் கூடுதலாகவே வரும். பத்துக்கும் குறைவான மரபணுக்களை வைத்துக்கொண்டு ஒரு வயலையே காலி செய்கிறது.

அளவையும் பார்த்துவிடலாம். ஒரு பாக்டீரியாவின் நீளம் சுமார் 2,000 நானோமீட்டர் என்றால், இந்த வைரஸின் நீளம் சுமார் 30 நானோமீட்டர். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பஸ்ஸைப் பாக்டீரியா என்று வைத்துக்கொண்டால், சீட்டில் கிடக்கும் ஒரு கடலை மிட்டாய் பாக்கெட் அளவுதான் வைரஸ். எல்லா வைரஸும் இவ்வளவு சிறியவை கிடையாது, ஆனால் பெரும்பாலானவை பாக்டீரியாவைவிடப் பல மடங்கு சின்னவை.

இந்த அளவு வித்தியாசத்தால்தான் வைரஸ் என்ற ஒன்று இருப்பதே முதலில் பிடிபட்டது. அதுவும் மனிதனிடமோ மாட்டிடமோ கண்டுபிடிக்கவில்லை, புகையிலைச் செடியில் கண்டுபிடித்தார்கள். அதுவும் ஒரு தேமல் நோய்தான். 1892-இல் ரஷ்யாவின் டிமிட்ரி இவனோவ்ஸ்கி நோயுற்ற புகையிலை இலைச் சாற்றைப் பாக்டீரியா நுழைய முடியாத பீங்கான் வடிகட்டியில் வடித்தார். வடித்த சாறும் நோயைப் பரப்பியது. 1898-இல் நெதர்லாந்தின் மார்ட்டினஸ் பெய்ஜரிங்க் அதே சோதனையைச் செய்துபார்த்து, இது பாக்டீரியா இல்லை, வேறொரு வகைக் கிருமி என்று சொல்லி வைரஸ் என்ற பெயரைக் கொடுத்தார். கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது 1901-இல். அதாவது நம்ம ஊர் ஆராய்ச்சி நிலையத்துக்கும் வைரஸ் என்ற அறிவுக்கும் ஏறக்குறைய ஒரே வயசு.

பெருகுவது எப்படி?

வித்தியாசத்தின் மையமே இங்கேதான்.

பாக்டீரியா இரண்டாகப் பிரிந்து பெருகும். தன் டி.என்.ஏ.வுக்கு ஒரு நகல் எடுக்கும், உடம்பை நீட்டும், நடுவில் ஒரு சுவர் எழுப்பும், ஒன்று இரண்டாகிவிடும். நம் குடலில் வாழும் ஈ கோலை பாக்டீரியா, ஆய்வகத்தில் நல்ல தீனி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இப்படிப் பிரியும். கணக்குப் போட்டால் 7 மணி நேரத்தில் ஒன்று 20 லட்சத்தைத் தாண்டும். உளுந்து வேர் பாக்டீரியா இவ்வளவு அவசரக்காரன் கிடையாது. ஒரு முறை பிரிய 6 மணி நேரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொள்ளும்.

வைரஸ் பிரிவதே இல்லை, வளர்வதும் இல்லை. வெளியே கிடக்கும்போது அது தூசிக்குச் சமம். வெள்ளை ஈயின் ஊசி வாய் வழியாகச் செடியின் சாற்றுக் குழாய்க்குள் போன பிறகுதான் வேலை ஆரம்பிக்கும். கூடு கழன்றுவிடும், டி.என்.ஏ. செடி செல்லின் உட்கருவுக்குள் போய்விடும். நகல் எடுக்கும் நொதி வைரஸிடம் சொந்தமாகக் கிடையாது. செடியின் நொதியைக் கொண்டே தன் டி.என்.ஏ.வை நகலெடுக்க வைக்கும். செல் சும்மா இருந்தால்கூட, அதை நகலெடுக்கும் நிலைக்குத் தள்ளிவிடும் தந்திரம் அதற்குத் தெரியும். புரதக் கூட்டையும் செடியின் ரைபோசோமே செய்து கொடுக்கும். உதிரிப் பாகங்கள் எல்லாம் தயாரானதும் ஒன்றோடொன்று கோத்து ஒரே நேரத்தில் ஏராளமான புது வைரஸ்கள் வெளிவரும். பக்கத்துச் செல்லுக்குப் போகும் வேலையை இரண்டாவது துண்டு டி.என்.ஏ. பார்த்துக்கொள்ளும்.

இந்த வித்தியாசத்தை உரக்கடை அலமாரியிலேயே பார்க்கலாம். 200 கிராம் ரைசோபியம் பாக்கெட் இருக்கிறதே, அதில் இருக்கும் பாக்டீரியாவைச் சர்க்கரையும் ஈஸ்ட் சாறும் கலந்த திரவத்தில், பெரிய தொட்டியில் வளர்த்து எடுக்கிறார்கள். செடியே தேவையில்லை. அதே கடையில் கொண்டைக்கடலை, பருத்தி, துவரையில் விழும் பச்சைக் காய்ப்புழுவுக்கு என்.பி.வி. என்று ஒரு கரைசல் கிடைக்கும். அது ஒரு வைரஸ். ஆமாம், விவசாயிக்கு உதவும் வைரஸும் உண்டு. ஆனால் அதைத் தொட்டியில் வளர்க்க முடியாது. உயிருள்ள புழுக்களை வளர்த்து, அவற்றுக்கு வைரஸைத் தீனியோடு கொடுத்து, செத்த புழுவை அரைத்துத்தான் எடுக்க வேண்டும். அதனால்தான் அதன் அளவையே 'புழு சமன்' என்ற கணக்கில், எக்டருக்கு 250 என்று பரிந்துரைக்கிறார்கள். வெயிலில் இந்த வைரஸ் சீக்கிரம் செயலிழந்துவிடும் என்பதால் சாயங்காலம்தான் தெளிக்க வேண்டும்.

ஆன்டிபயாட்டிக் ஏன் கேட்பதில்லை?

ஒவ்வொரு ஆன்டிபயாட்டிக்கும் பாக்டீரியாவின் ஏதோ ஒரு பாகத்தைக் குறிவைக்கும். பென்சிலின் செல் சுவரைக் கட்டவிடாது. ஸ்ட்ரெப்டோமைசினும் டெட்ராசைக்ளினும் பாக்டீரியாவின் ரைபோசோமில் போய் ஒட்டிப் புரதம் தயாரிப்பதைக் குலைத்துவிடும். வைரஸிடம் சுவரும் இல்லை, ரைபோசோமும் இல்லை. பூட்டே இல்லாத வீட்டுக்குச் சாவி வாங்கிக்கொண்டு போவது மாதிரிதான்.

பணம் போனால் போகட்டும், பரவாயில்லை என்று விடவும் முடியாது. ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய்க்கு எதிராக வெற்றிகரமாகப் பயன்பட்ட முதல் ஆன்டிபயாட்டிக். 1943-இல் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவில் இருந்து எடுக்கப்பட்டது. இன்றும் மனித மருத்துவத்துக்கு அது தேவைப்படுகிறது. வயலில் கண்டபடி தெளித்தால் மண்ணிலும் இலையிலும் இருக்கும் பாக்டீரியாக்கள் அதற்குப் பழகிவிடும். பழகியவை அந்த எதிர்ப்பு மரபணுவைப் பக்கத்து பாக்டீரியாவுக்குக் கைமாற்றவும் செய்யும். இந்தக் கவலையில்தான் 2021 டிசம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம் ஸ்ட்ரெப்டோமைசின், டெட்ராசைக்ளின் இரண்டையும் விவசாயத்தில் இருந்து படிப்படியாக விலக்குவதற்கான வரைவு ஆணையை வெளியிட்டது.

ஸ்ட்ரெப்டோசைக்ளினுக்கு வயலில் வேலையே இருந்ததில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பருத்தியில் வரும் கோண இலைப்புள்ளி நோய் பாக்டீரியாவால் வருவது. அதற்குப் பரிந்துரைத்த மருந்து இது. அங்கே கேட்டது என்பதால் உளுந்திலும் கேட்கும் என்று நினைத்ததுதான் கோளாறு.

எது வைரஸ், எது பாக்டீரியா, எது சத்துக்குறைவு?

மஞ்சளாக இருப்பதெல்லாம் வைரஸ் கிடையாது. சுண்ணாம்பு அதிகமுள்ள கரிசலில் இரும்புச்சத்துக் குறைவாலும் இளம் இலை வெளுக்கும். அப்போது நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு நடுவே ஒரே சீராக வெளிர் மஞ்சளாகவும் இருக்கும். வயலில் ஒரு பகுதி முழுக்க ஒரே மாதிரி தெரியும். வைரஸ் என்றால் ஒழுங்கில்லாத திட்டுத் திட்டான பளிச் மஞ்சள். முதலில் தனித்தனிச் செடியில், அங்கங்கே சிதறித் தெரியும்.

பாக்டீரியா நோயில் பெரும்பாலும் நீர் கோத்த மாதிரிப் புள்ளி வரும், பிறகு அது கருகும். நெல்லின் பாக்டீரியா இலைக்கருகலுக்கும் தக்காளி வாடல் நோய்க்கும் ஒரு எளிய சோதனை உண்டு. நோயுற்ற பாகத்தை வெட்டி, வெட்டிய முனை தெளிந்த தண்ணீரில் படும்படி கண்ணாடி டம்ளரில் வைத்தால் பால் மாதிரி ஒரு கசிவு இழையாக இறங்கும். கோடிக்கணக்கான பாக்டீரியா வெளியே வருவதுதான் அந்தக் கசிவு. வைரஸ் நோயில் இப்படி எதுவும் வராது.

சந்தேகம் இருந்தால் பொடி வாங்கும் முன்பு, மஞ்சளடித்த செடி ஒன்றை வேரோடு எடுத்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கோ கோவில்பட்டி ஆராய்ச்சி நிலையத்துக்கோ ஒரு நடை போய்வரலாம்.

அப்போ என்னதான் செய்வது?

வைரஸ் ஏறிய செடியைக் குணப்படுத்த வயலுக்கான மருந்து இன்றுவரை வரவில்லை. அதனால் வருமுன் காப்பதுதான் வழி. அதற்கு வெள்ளை ஈயைப் புரிந்துகொள்ள வேண்டும்.

வெள்ளை ஈ இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு உறிஞ்சும். நோயுள்ள செடியில் கொஞ்ச நேரம் உறிஞ்சினாலே வைரஸ் அதன் உடம்புக்குள் ஏறிவிடும். சில மணி நேரம் கழித்து அடுத்த செடிக்குப் பரப்பத் தயார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. இதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸை ஆராய்ந்தவர்கள், வெள்ளை ஈயின் உடம்புக்குள் குடியிருக்கும் ஒரு பாக்டீரியா தயாரிக்கும் புரதம்தான் வைரஸை அழியாமல் பாதுகாத்துக் கொண்டுசேர்க்கிறது என்று கண்டுபிடித்தார்கள். வைரஸுக்குப் பாக்டீரியா குடை பிடிக்கிறது!

மழை இடைவெளி விட்டு வெயில் அடித்தால் வெள்ளை ஈ பெருகும், நல்ல மழை பெய்தால் அடித்துக்கொண்டு போய்விடும். மழை ஏமாற்றும் வருஷங்களில் கரிசலில் மஞ்சள் தேமலும் கூடுவது இதனால்தான்.

முதல் தற்காப்பு விதையில் இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையத்தின் வம்பன் 8, 10, 11 போன்ற ரகங்கள் மஞ்சள் தேமலைத் தாங்கும் தன்மை உள்ளவை. நோய் வந்த வயலிலேயே விதை எடுத்து அடுத்த வருஷம் போடுவதைவிட, முளைப்பு அறிந்த சான்று விதை மேல். விதைக்கும்போதே இமிடாகுளோபிரிட் விதை நேர்த்தி செய்தால் ஆரம்ப வாரங்களில் வெள்ளை ஈயிடம் இருந்து ஒரு பாதுகாப்பு கிடைக்கும். அந்த ஆரம்ப வாரங்கள்தான் முக்கியம். பூ பிடித்த பிறகு நோய் வந்தால் கொஞ்சமாவது காய் தேறும். இளஞ்செடியில் வந்தால் மொத்தமும் போய்விடக்கூடும்.

வரப்பு ஓரத்தில் சோளத்தை நெருக்கமாக விதைத்தால் வெளியில் இருந்து பறந்துவரும் ஈக்களுக்கு அது தடுப்பு. மஞ்சள் ஒட்டுப்பொறி எக்டருக்கு 12 வைக்கச் சொல்கிறது வேளாண் பல்கலைக்கழகம். முதல் 30 நாளுக்குள் தேமல் கண்ட செடியைப் பார்த்ததும் பிடுங்கி அழித்துவிட வேண்டும். இதுதான் விவசாயிகளுக்குக் கஷ்டமான ஆலோசனை. உயிரோடு நிற்கும் செடியைப் பிடுங்க யாருக்கு மனசு வரும்? ஆனால் அந்தச் செடி காய்க்கப்போவதில்லை, அதில் உட்காரும் ஒவ்வொரு ஈயும் பக்கத்துச் செடிக்கு நோயைக் கொண்டுபோகும். பாதி வயலுக்குப் பரவிய பிறகு பிடுங்குவதில் அர்த்தமில்லை. ஐந்தாறு செடியோடு நிற்கும்போதே பிடுங்கினால்தான் பலன்.

பூச்சிமருந்து அடிப்பதாக இருந்தாலும் துறை பரிந்துரைத்ததை, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். செயற்கை பைரித்ராய்டு மருந்துகளைத் திரும்பத் திரும்ப அடித்தால் வெள்ளை ஈ குறையாமல் கூடும் என்பது பருத்தி விவசாயிகள் பட்டுத் தெரிந்துகொண்டது. பருத்தி என்றதும் இன்னொன்று. 2002-இல் அனுமதி பெற்ற பி.டி. பருத்தியில் இருப்பது ஒரு மண் பாக்டீரியாவின் மரபணு. அது காய்ப்புழுவைக் கொல்லும், வெள்ளை ஈயை ஒன்றும் செய்யாது.

வேரில் இருக்கும் நண்பனையும் மறந்துவிடக் கூடாது. ஒரு எக்டர் விதைக்கு 600 கிராம் ரைசோபியத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து, விதையில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைக்கலாம். பூஞ்சைமருந்து நேர்த்தி செய்வதாக இருந்தால் அதை முதலில் செய்து, 24 மணி நேரம் கழித்துத்தான் ரைசோபியம். அது உயிருள்ள பாக்டீரியா, மருந்தோடு கலந்தால் செத்துவிடும்.

காய்ச்சலுக்கும் இதே கதைதானா?

ஆமாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வரும் டெங்குவும், சளிக்காய்ச்சல்களில் பெரும்பாலானவையும் வைரஸால் வருபவை. டைபாய்டும் எலிக்காய்ச்சலும் பாக்டீரியாவால் வருபவை. முதல் இரண்டு நாள் எல்லாமே காய்ச்சல், உடம்பு வலி என்று ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால்தான் ரத்தப் பரிசோதனை. மெடிக்கல் ஷாப்பில் "ஒரு செட் மாத்திரை" கேட்டு வாங்கும்போது அதில் ஆன்டிபயாட்டிக் இருந்தால், டெங்குவில் அது ஒரு வைரஸைக்கூடத் தொடாது. மூன்றாம் நாள் காய்ச்சல் தானாகக் குறைந்தால் மாத்திரை கேட்டதாகத் தோன்றும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் ஆபத்தான கட்டம் என்பதால், அந்த நம்பிக்கை உயிருக்கே வினையாகலாம்.

எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் சி, இன்புளூயன்சா போன்ற சில வைரஸ்களுக்கு மருந்து உண்டு. அவை அந்தந்த வைரஸின் தனிப்பட்ட நொதியைக் குறிவைத்துச் செய்தவை, ஒன்று இன்னொன்றுக்குப் பெரும்பாலும் உதவாது. முக்கியமான பல ஆன்டிபயாட்டிக்குகள் 2014 முதல் எச்1 என்ற தனிப் பட்டியலில் இருக்கின்றன. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும். 2024 ஜனவரியில் மத்திய சுகாதாரச் சேவைகள் இயக்குநரகம், ஆன்டிபயாட்டிக் எழுதும்போது எதற்காக என்ற காரணத்தையும் சீட்டில் எழுதுங்கள் என்று மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் சீட்டில் காரணம் இல்லையென்றால் டாக்டரிடம் கேட்கலாம், தப்பில்லை.

பயிர் போய்விட்டால் காப்பீடு கிடைக்குமா?

பிரதமரின் பயிர் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவுப் பயிர்களுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். நோய், பூச்சித் தாக்குதலும் இதில் அடக்கம். ஆனால் உங்கள் வயலை மட்டும் தனியாக வந்து பார்த்து இழப்பீடு தருவது ஆலங்கட்டி மழை, வெள்ளம் மாதிரியான சிலவற்றுக்குத்தான். மஞ்சள் தேமல் என்றால், அறிவிக்கப்பட்ட பகுதி முழுவதற்குமான அறுவடைச் சோதனையில் சராசரி மகசூல் குறைந்திருக்க வேண்டும். பக்கத்து வயல்கள் தப்பித்து உங்கள் வயல் மட்டும் மஞ்சளாகியிருந்தால் பணம் வருவது சந்தேகம்தான். எப்படியானாலும் கடைசித் தேதிக்குள் பதிவு செய்திருந்தால்தான் எதுவும். விதைப்புச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் போகும்போதே அந்தத் தேதியையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.